காரைக்குடிப் பக்கம் ஒரு டீயோடு எங்கே உட்காரலாம்?

செட்டிநாட்டுக்கு வருகிறவர்கள் எங்கே சாப்பிடலாம் என்றுதான் விசாரிக்கிறார்கள். எங்கே உட்காரலாம் என்று யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியம். ஒரு கிளாஸ் டீ வாங்கினால் எவ்வளவு நேரம் இருக்க விடுவார்கள், பக்கத்தில் இருப்பவர் நம்மிடம் பேசுவாரா? இந்த இரண்டையும் வைத்துத்தான் ஒரு கடையை எடை போடுவேன்.

மதுக்கடைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 2003-லிருந்து தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. கடையை ஒட்டிய பார்களில் வெளிச்சமும் குறைவு, காற்றும் குறைவு. நாலு ஊர்க்கதை பேசலாம் என்று அங்கே யாரும் போவதில்லை.

டீயின் ருசிக்கு ரயிலடிதான். பல்லவன் எக்ஸ்பிரஸ் விடியற்காலையிலேயே சென்னைக்குக் கிளம்பிவிடுகிறது, அதனால் அந்தப் பக்கத்துக் கடைகளில் இருட்டோடு பாய்லர் கொதிக்கும். கூட்டம் ஓடிக்கொண்டே இருப்பதால் பாலும் டிகாஷனும் தேங்கி நிற்க நேரமில்லை. ஆனால் எல்லோரும் பையைத் தோளில் மாட்டியபடியே குடிக்கிறார்கள். கிளாஸை வைத்ததும் நடை. உட்காருவதற்கு அது இடமில்லை.

கல்லூரிச் சாலைப் பக்கம் இதற்கு நேர் எதிர். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலம் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இந்த ஊருக்கு வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1985-ல் அழகப்பா பல்கலைக்கழகமும் வந்தது. மாணவர்கள் ஒரு டீயை வாங்கி இரண்டு பேராகப் பகிர்ந்துகொண்டு மணிக்கணக்கில் பேசுவார்கள், கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார். இளைஞர்கள் அப்படிப் பேசுவதைக் கேட்பதே ஒரு சந்தோஷம். என்ன, அவர்கள் பேச்சு அவர்கள் வட்டத்துக்குள்ளேயே சுற்றும். புதிதாக வந்தவர் ஓரமாக நின்று கேட்கலாம், அவ்வளவுதான்.

சாயங்காலம் என்றால் பலகாரக் கடைக்கு ஒரு தனி வாதம் இருக்கிறது, அது வெள்ளைப் பணியாரம். பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதே படியின் மேல் உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளப்பார்கள். அரைத்த மாவைக் கரண்டியால் ஒவ்வொன்றாக எண்ணெயில் ஊற்றி, ஒரே ஒரு முறை திருப்பி, சிவக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். நடுவில் மெத்தென்றும் ஓரத்தில் முறுகலாகவும் வரும். அதற்கு வரமிளகாயும் பூண்டும் தக்காளியும் போட்டு அரைத்த காரச் சட்னி. இதைச் சாப்பிட்ட வாய்க்கு ஒரு டிகிரி காபி கிடைத்தால் வேறெதுவும் வேண்டாம். ஆனால் சட்டிக்குப் பக்கத்தில் அடுத்த ஆள் காத்துக்கொண்டிருக்கிறார், நாம் எழுந்துதான் ஆக வேண்டும்.

அப்புறம் மாளிகை விடுதிகள். காரைக்குடியில் 1999 முதல் நடக்கும் ‘பங்களா’, கானாடுகாத்தானில் ‘விசாலம்’, கொத்தமங்கலத்தில் ‘சாரதா விலாஸ்’. பர்மா தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசி வழவழப்பாக்கிய சுவர், மழைத்தண்ணீர் கூரையிலிருந்து நேராக வந்து விழும் முற்றம் என்று இவையெல்லாம் சேர்ந்த வீடுகள் இந்த வட்டாரத்தின் அடையாளம். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறியது இந்த வீடுகளால்தான். அங்கே காபி கோப்பையில் வரும், பொழுது சாயும்வரை இருக்கலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். காசு கொடுத்துத் தங்குகிறவர்களுக்கு அது நியாயமான சுகம், குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வீடுகளின் முகப்புத் திண்ணையைப் பாருங்கள். வியாபாரப் பேச்சுக்கும், வந்த விருந்தாளிக்கும், வழிப்போக்கனுக்கும் சேர்த்துக் கட்டிய இடம் அது. இன்றைக்குப் பல ஊர்களில் வீட்டுக்காரர்கள் வெளியூரில் இருக்கிறார்கள், கதவு பூட்டியிருக்கிறது, திண்ணை காலி. அந்தத் திண்ணை செய்த வேலையை இப்போது செய்வது தெருமுனை டீக்கடையின் மரப்பெஞ்சு. வழிப்போக்கனை உட்காரச் சொல்லும் இடம் இப்போதைக்கு அதுதான்.

அதனால் என் ஓட்டு ஆத்தங்குடி மாதிரி ஊரின் டீக்கடைக்கு. அங்கே இந்த வீடுகளின் தரைக்கு டைல்ஸ் வார்க்கும் பட்டறை ஆட்கள் வேலைக்கு நடுவே கையில் சிமெண்ட் தூசியோடு டீ குடிக்க வருவார்கள். கேட்டால் தொழிலைச் சொல்வார்கள். கண்ணாடியின் மேல் சட்டத்தை வைத்து, வண்ணக் கலவையைக் கண்ணளவில் ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் இட்டு, இறுகிய பிறகு தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துகிறார்கள். சூளை கிடையாது. அந்தப் பளபளப்பு கண்ணாடி தந்தது. மாளிகைக்குள் காலடியில் பார்த்த தரையைப் பற்றி, அதை வார்க்கும் கையே பேசுவது இங்கே மட்டும்தான் கிடைக்கும். டீ சுமாராக இருக்கலாம். சர்க்கரை தூக்கலாக இருக்கும், "அண்ணே, சர்க்கரை கம்மியா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாளிதழின் நடுப்பக்கம் ஒருவரிடம், விளையாட்டுப் பக்கம் இன்னொருவரிடம் இருக்கும். "எந்த ஊரு?" என்று யாராவது கேட்டால் பதிலை ஒரு வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்.

ஒரே ஒரு சாயங்காலம்தான் கையில் இருக்கிறது என்றால் பலகாரக் கடையும் மாளிகையும் மறுநாளுக்கு இருக்கட்டும். பட்டறை ஓடும் நேரம் பகல்தான், அதனால் நாலு மணிக்கு முன்பே ஆத்தங்குடிக்குப் பஸ் ஏறிவிடுங்கள். திரும்பி வர கடைசி பஸ் எப்போது என்று டீக்கடையிலேயே கேட்டுக்கொள்ளலாம்.