ராயபுரத்தில் செய்து வாங்கிய ஆறு சிப்பன்டேல் நாற்காலிகள்

கல்மண்டபம் பக்கத்துச் சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு மரப்பட்டறையில் சாப்பாட்டு மேசைக்கு ஆறு நாற்காலி செய்து வாங்கி எட்டு மாதம் ஆகிறது. தினமும் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

நாங்கள் கேட்டது சிப்பன்டேல் பாணி. லண்டன் தச்சர் தாமஸ் சிப்பன்டேல் 1754இல் போட்ட மாதிரிப் புத்தகத்தால் பேர் வாங்கிய வடிவம், நடுவில் துளைவேலை செய்த முதுகுப் பலகை, வளைந்து இறங்கும் முன்னங்கால். அங்கே மஹோகனி மரம், எங்களுக்கு இடித்த வீட்டு உத்திரத் தேக்கு. இருக்கைக்கு மெத்தை வேண்டாம், பிரம்புப் பின்னல் போடுங்கள் என்றோம், சென்னை வியர்வைக்கு அதுதான் சரி.

மற்ற கடைகளில் படத்தைக் காட்டியதும் விலை சொன்னார்கள். இங்கே பெரியவர் முதலில் கேட்டது, "மேசை என்ன உயரம்மா?" 30 அங்குலம் என்றதும் இருக்கைக்கு 18 என்று குறித்துக்கொண்டார். அப்புறம் பின்னங்காலை அட்டையில் முழு அளவுக்கு வரைந்து வெட்டி, சாதா மரத்தில் ஒரே ஒரு நாற்காலியை ஆணியடித்துச் சேர்த்து, என் மாமியாரை வரச்சொல்லி உட்கார வைத்தார். முதுகு ரொம்பச் சாய்கிறது என்று அத்தை சொன்னதும் அட்டையைத் திருத்தினார். வேறு யார் இவ்வளவு மெனக்கெடுவார்கள்!

இருக்கை முன்னால் 21 அங்குலம், பின்னால் 16 என்பதால் பக்கச் சட்டம் பின்னங்காலில் நேராகப் போய்ச் சேராது, கோணலாகத்தான் சேரும், நாம் சாயும் பாரமெல்லாம் விழுவதும் அங்கேதான், அதனால் எந்த நாற்காலியும் முதலில் ஆட்டம் காண்பது அந்த மூட்டில். அந்தக் கோணத்துக்கே கழுந்து, அதாவது காலின் துளைக்குள் செருகும் சட்ட முனை, வெட்டி, பசை தடவாமல் செருகிக் காட்டினார். "கையால தள்ளுனா பாதி போவணும், மீதிக்குக் கொட்டாப்புளி கேக்கணும்" என்றார், மரச்சுத்தியலைத்தான் சொல்கிறார். உள்மூலைகளில் முக்கோணக் கட்டை வைத்து இறுக்கியிருக்கிறார், கவிழ்த்துப் பார்த்தால் தெரியும். ஆறில் ஒன்றுகூட இன்றுவரை ஆடவில்லை.

குறை பாலிஷில். ஐப்பசி மழையில் பூசினார்கள், ஈரக்காற்றில் இரண்டு நாற்காலி பால் தெளித்தாற்போல் வெளுத்துவிட்டது. தை மாதம் எடுத்துப்போய்ச் சுரண்டி, காசு வாங்காமல் மறுபடி பூசித் தந்தார்கள், ஆனால் அதற்கு நான் ஐந்து வாரம் போன் அடிக்க வேண்டியிருந்தது, அது எரிச்சல்தான்.

ஒன்று 14,500 ரூபாய். நல்ல கனம், வயதானவர்கள் இழுத்துப் போடச் சிரமப்படுவார்கள். ஆர்டர் கொடுப்பதானால் பங்குனி, சித்திரையில் கொடுத்துவிடுங்கள், மழைக்கு முன்னால் பாலிஷ் காய்ந்துவிடும்.