கிரீன் ஓரத்தில் எது கைகொடுக்கும்: பட்டரா, எட்டாம் நம்பரா, லாப் வெட்ஜா?

கோல்ஃப் ஆடுகிறீர்கள், பந்து கிரீனை (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) விட்டு மூன்று நான்கு தப்படி வெளியே கிடக்கிறது. குழியில் நட்ட கொடி நன்றாக உள்ளே தள்ளி நிற்கிறது, நடுவில் பங்கர் (மணல் பள்ளம்) இல்லை, மேடு பள்ளமும் பெரிதாக இல்லை. இந்த இடத்தில் வார இறுதி ஆட்டக்காரர்கள் பலர் யோசிக்காமல் பையிலிருந்து உருவுவது 60 டிகிரி லாப் வெட்ஜைத்தான், பந்தை உயரத் தூக்கும் கிளப் அது. டிவியில் தொழில்முறை ஆட்டக்காரர் ஃபில் மிக்கல்சன் அதால் அடித்தது மனதில் அப்படியே நின்றுவிட்டது, வேறென்ன. அப்பா வீட்டுக் கொல்லையிலேயே போட்டுக்கொடுத்த கிரீனில் சின்ன வயதிலிருந்து அடித்து வளர்ந்தவர் அவர், அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

என் கட்சி இதுதான்: இங்கே கிளப்பை எடுக்கும்போது நன்றாகப் பட்டால் பந்து எங்கே போகும் என்று பார்க்காதீர்கள், சொதப்பினால் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் முதலில் பட்டர் (பந்தைத் தரையில் உருட்டும் கிளப்), அது முடியாவிட்டால் எட்டு அல்லது ஒன்பதாம் நம்பர் அயர்ன் (பந்தைக் கொஞ்சம் தூக்கி உருளவிடும் கிளப்), வேறு வழியே இல்லை என்றால்தான் லாப் வெட்ஜ்.

பட்டரை வெளியிலிருந்து எடுத்தால் கூட ஆடுகிறவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், சிப் (கொஞ்சம் பறந்து பிறகு உருளும் சின்ன அடி) அடிக்கத் தெரியாதவன் என்று. பார்த்தால் பார்க்கட்டும். 2014 யு.எஸ். ஓபன் பைன்ஹர்ஸ்ட் 2ஆம் எண் மைதானத்தில் நடந்தது. அங்கே கிரீன்கள் ஆமை ஓடு போல நடுவில் உயர்ந்து நாலா பக்கமும் சரியும், கொஞ்சம் பிசகினாலும் பந்து உருண்டு கீழே இறங்கிவிடும். சரிவுகளில் புல் ஒட்ட வெட்டியிருக்கும். மார்ட்டின் கைமர் அங்கே பல இடங்களில் வெட்ஜைத் தொடாமல் பட்டராலேயே மேலே ஏற்றிக்கொண்டிருந்தார், கடைசியில் 8 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் ஜெயித்தார். இதே மைதானத்தில் 1999இல் ஜான் டேலி எட்டாவது ஹோலில் பட்டரால் ஏற்றப் பார்த்தார், பந்து திரும்பத் திரும்பக் காலடிக்கே வந்தது, எரிச்சலில் உருண்டுகொண்டிருந்த பந்தையே அடித்து அபராதமும் வாங்கி அந்த ஒரு ஹோலுக்கே 11 ஸ்ட்ரோக் போட்டார். அதாவது பட்டர் எடுத்தாலே போதும் என்றில்லை, சரிவை ஏறி முடிக்கும் அளவுக்குத் துணிந்து அடிக்க வேண்டும். ஃபிரிஞ்ச் புல் (கிரீனின் விளிம்புப் புல்) முதல் சில கெஜத்திலேயே வேகத்தைத் தின்றுவிடும். புல் ஈரமாக இருந்தாலோ, பந்துக்கு முன்னால் ஸ்பிரிங்க்ளர் மூடி இருந்தாலோ, ரஃபில் (நீளமாக வளரவிட்ட புல்லில்) பந்து பாதி புதைந்திருந்தாலோ பட்டர் வேலைக்கு ஆகாது.

அப்போதுதான் அயர்ன். இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பட்டிங் செய்வதுபோலவே பந்துக்குக் கிட்டே நின்று, கம்பை நிமிர்த்திப் பிடித்து, மணிக்கட்டை மடக்காமல் தோளால் ஆட்டுவது, அவ்வளவுதான். பால் ரன்யன் இந்த வகை சிப்பைத்தான் காலமெல்லாம் சொல்லிக்கொடுத்தார். ஆள் சிறிய உருவம், முதல் அடியான டிரைவில் தூரம் வராது. 1938 பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் அந்தக் காலத்தில் நீள அடிக்குப் பேர்போன சாம் ஸ்னீட். ரன்யன் 7 ஹோல் மிச்சம் இருக்கும்போதே 8 முன்னிலையில் ஆட்டத்தை முடித்துவிட்டார்.

எந்த நம்பர் அயர்ன் என்பதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 12இலிருந்து கிளப் நம்பரைக் கழியுங்கள், வருவதுதான் பறக்கும் தூரத்துக்கு எத்தனை மடங்கு உருளும் என்பது. ஒன்பதாம் நம்பர் என்றால் 3 மடங்கு, எட்டு என்றால் 4, ஏழு என்றால் 5. பிட்சிங் வெட்ஜை 10 என்று வைத்துக்கொண்டால் 2 மடங்கு. பந்திலிருந்து கிரீனுக்குள் ஒரு கெஜம் தள்ளி ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அது 4 தப்படி என்று வையுங்கள், அங்கிருந்து கொடி 12 தப்படி என்றால் ஒன்பதாம் நம்பர், 16 என்றால் எட்டு. சமதளமான, நடுத்தர வேக கிரீனுக்கான கணக்கு இது. இறக்கத்தில் லாஃப்ட் (கிளப் முகத்தின் சாய்வு) கூடிய கிளப், ஏற்றத்தில் குறைந்தது. இதில் பிடித்த விஷயம், ஆட்டும் அளவு மாறுவதே இல்லை, கிளப்தான் மாறுகிறது.

சரி, லாப் வெட்ஜ். நடுவே பங்கர் இருக்கிறது, கொடி இந்தப் பக்க ஓரத்திலேயே நிற்கிறது, இறங்கும் இடம் கீழ்நோக்கிச் சரிகிறது என்றால் இதைத் தவிர வேறு வழியில்லை, அதை மறுக்கவில்லை. சிக்கல் எங்கே என்றால், லாஃப்ட் அதிகம் என்பதால் வேகத்தில் பெரும்பகுதி உயரமாகப் போய்விடுகிறது, ஆகவே 15 கெஜத்துக்கே நீளமாக வீச வேண்டியிருக்கிறது. வீச்சு நீண்டால் பிசகும் பெரிதாகும். அரை அங்குலம் பின்னால் குத்தினால் பந்து காலடியிலேயே கிடக்கும், கொஞ்சம் மேலே பட்டால் கிரீனைத் தாண்டி மறுபக்கப் பங்கரில் போய் விழும். எட்டாம் நம்பரில் இதே தவறு நடந்தால் பந்து ஏழெட்டு அடி முன்னே பின்னே நிற்கும், பெரும்பாலும் கிரீனில்தான். ஈரப்புல்லில் லாப் வெட்ஜின் ஒரே சாதகமும் போய்விடுகிறது: முகத்துக்கும் பந்துக்கும் நடுவே புல் சிக்கி, ஸ்பின் இல்லாமல் பந்து ஓடும்.

இன்னொரு சண்டையும் இருக்கிறது: கையை முன்னே தள்ளி அடிப்பதா, பவுன்ஸை நம்பி அடிப்பதா? இதற்குப் பதில் தெரிய, மணலிலிருந்து அடிக்கும் சாண்ட் வெட்ஜைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள். முன்விளிம்பைவிடப் பின்னால் இருக்கும் வயிறு கீழே தொங்கும், அதுதான் பவுன்ஸ். 1932இல் ஜீன் சாரசன் தன் வெட்ஜின் அடியில் ஈயத்தைப் பற்றவைத்து அந்த வயிற்றை உண்டாக்கிக்கொண்டு பிரிட்டிஷ் ஓபனை ஜெயித்தார், இன்றைய சாண்ட் வெட்ஜ்களெல்லாம் அதன் வழிவந்தவை. கம்பை முன்னே சாய்த்தால் வயிறு மேலே போய் விளிம்பு தரையில் இறங்கும். அயர்ன் சிப்புக்குக் கொஞ்சம் சாய்வு சரி. அதையே வெட்ஜுக்கும் கொண்டுபோனால் குத்தல்தான். வெட்ஜில் கம்பு கிட்டத்தட்ட நிமிர்ந்திருக்கட்டும், வலது கைக்காரர் என்றால் எடை இடது காலில், வயிறு புல்லை உரசிக்கொண்டு போகட்டும். பெர்முடா புல் மைதானங்களில் இது இன்னும் முக்கியம். பெர்முடா என்பது நம்ம அறுகம்புல் இனம்தான், புல் உங்களை நோக்கிப் படுத்திருந்தால் விளிம்பைப் பிடித்து நிறுத்திவிடும். பந்து அப்படிக் கிடந்தால் நான் ஹைப்ரிடை (அயர்னும் வுட்டும் கலந்த கிளப்) எடுத்துப் பட்டர் போல ஆட்டிவிடுவேன். டாட் ஹாமில்டன் 2004இல் ராயல் ட்ரூனில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் கிரீன் ஓரமெங்கும் ஹைப்ரிடால் உருட்டித்தான் எர்னி எல்ஸை பிளேஆஃபில் (சமநிலையை முறிக்கும் கூடுதல் ஆட்டத்தில்) வென்றார்.

லாஃப்ட் கூடிய கிளப்பை எடுத்தாலும் தாழ்வாக அடிக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். 1987 மாஸ்டர்ஸ் பிளேஆஃபில் லாரி மைஸ் சுமார் 140 அடி தூரத்திலிருந்து சாண்ட் வெட்ஜால் அடித்தது கிரீனுக்கு முன்பே தரையில் பட்டு, துள்ளி, உருண்டு குழிக்குள் போனது. எதிரே ஆடிய கிரெக் நார்மன் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

நம்பாதவர்கள் பயிற்சி கிரீனில் ஒரே இடத்தில் நின்று மூன்று கிளப்பிலும் பத்துப் பத்துப் பந்து அடியுங்கள். ஒட்டி நின்ற பந்துகளை விட்டுவிடுங்கள், ஒவ்வொன்றிலும் ஆக மோசமான மூன்று கொடியிலிருந்து எவ்வளவு தூரம் என்று மட்டும் தப்படி போட்டு அளங்கள். புது வெட்ஜ் வாங்குவதா வேண்டாமா என்பதை அதற்கப்புறம் முடிவு செய்துகொள்ளலாம்.