பகுப்பாய்வு எஸ்டிகேயுடன் சில ஆண்டுகள்: நிலைத்து நின்ற நிரலாக்க முறைகள்

ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், வலை ஆகிய மூன்று தளங்களிலும் பயனர்கள் செயலியில் செய்வதைப் பதிவுசெய்து அனுப்பும் ஆயத்த நிரல் தொகுப்புகளான பகுப்பாய்வு எஸ்டிகேக்களைச் (SDK) சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். இக்காலத்தில் நூலகங்களும் மாறின, தனியுரிமை விதிகளும் மாறின. ஆனால் தொடக்கத்தில் விதித்துக்கொண்ட ஒரு கட்டுப்பாடு இன்றுவரை பயன் தருகிறது: செயலியின் எந்தத் திரையும் எஸ்டிகேயை நேரடியாக அழைக்கக் கூடாது. நாங்களே எழுதிய ஒரு சிறிய இடைமுகத்தின் வழியாகத்தான் எல்லா நிகழ்வுகளும், அதாவது பயனர் செயல்களின் பதிவுகளும், செல்ல வேண்டும்.

இதன் அருமை, கூகுளின் பழைய பகுப்பாய்வுச் சேவையான யுனிவர்சல் அனலிட்டிக்ஸ் வழக்கமான கணக்குகளுக்கு 2023 ஜூலை 1 முதல் புதிய தரவைப் பெறாது என்று ஆனபோது தெரிந்தது. பழைய வகை, செயல், குறிப்பு என்ற அமைப்பிலிருந்து நிகழ்வும் அதன் விவரங்களான அளபுருக்களும் கொண்ட புதிய அமைப்புக்கு மாறும் வேலை, இடைமுகத்தின் பின்னால் இருந்த கோப்புகளோடு முடிந்துவிட்டது.

நிகழ்வுப் பெயர்களை வெறும் எழுத்துச் சரங்களாக எழுத விடாததும் அதே அளவுக்கு உதவியது. கூகுளின் செயலிப் பகுப்பாய்வுச் சேவையான ஃபயர்பேஸ் அனலிட்டிக்ஸில் நிகழ்வுப் பெயர் 40 எழுத்துகளுக்கு மிகக் கூடாது. ஒரு நிகழ்வுக்கு 25 அளபுருக்கள்தாம். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகவே கொள்ளப்படும். வரம்பை மீறினாலும் செயலி நின்றுவிடாது. தரவு மட்டும் ஓசையின்றிக் குறைந்துபோகும். ஆகவே கோட்லின் மொழியில் சீல்டு கிளாஸ் (sealed class), ஸ்விஃப்ட் மொழியில் ஈனம் (enum) என ஒவ்வொரு நிகழ்வையும் ஒரு வகையாக வரையறுத்து, வரம்புகளைச் சோதனை நிரலிலேயே சரிபார்க்கிறோம். எழுத்துப்பிழை இப்போது, நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பியிடமே சிக்கிவிடுகிறது.

பயனரின் ஒப்புதல் கிடைக்கும்வரை இடைமுகத்தின் பின்னால் எதையும் செய்யாத ஒரு வெற்றுச் செயலாக்கமே இருக்கும். ஐஓஎஸ் 14.5 வெளியான 2021 ஏப்ரலுக்குப் பிறகு, பிற நிறுவனங்களின் செயலிகளிலும் தளங்களிலும் பயனரைப் பின்தொடர ஆப்பிள் அனுமதி கேட்கச் சொன்னபோது, அந்தக் கேள்விக்கான விடையையும் இதே இடத்தில் பொருத்த முடிந்தது. (திரைதோறும் ஒப்புதலைச் சோதிக்கும் நிரலைக் கண்டால் எனக்கு இன்றும் ஐயம் எழும், எங்காவது ஒன்று விடுபட்டே இருக்கும்.)

தரவின் நம்பகத்தன்மை பெரும்பாலும் அனுப்பும் முறையைப் பொறுத்தது. நிகழ்வு பிறக்கும்போதே அதற்கு ஒரு தனித்த அடையாள எண்ணைத் தந்துவிட்டால், இணையம் விட்டு விட்டு வரும்போது மறுமுறை அனுப்பப்படும் நகல்களைச் சேவையகம் நீக்கிவிடும். சாதனத்தின் கடிகாரத்தை நம்ப இயலாது என்பதால் நிகழ்ந்த நேரத்துடன் அனுப்பிய நேரத்தையும் சேர்க்கிறோம். பெற்ற நேரத்தோடு அதை ஒப்பிட்டுச் சேவையகம் பிழையைத் திருத்திக்கொள்கிறது. வலையில் பக்கம் மூடப்படுவதை உலாவி அறிவிக்கும் அன்லோடு (unload) நிகழ்வு, குறிப்பாகக் கைப்பேசிகளில், பல வேளைகளில் எழுவதே இல்லை. பக்கம் மறையும்போது எழும் விசிபிலிட்டிசேஞ்ச் (visibilitychange) நிகழ்வில், உலாவியின் சென்ட்பீக்கன் (sendBeacon) வசதி கொண்டு அனுப்புவதே பாதுகாப்பானது.

எனக்கு இன்னும் நிறைவு தராதது தொடக்க நேரம். எஸ்டிகேயின் துவக்கத்தை முதல் திரை வரையப்பட்ட பின் தள்ளிவைத்து, அதுவரையிலான நிகழ்வுகளை, ஒப்புதல் முன்பே இருந்தால் மட்டும், நினைவக வரிசையில் வைக்கிறோம். அந்த இடைவெளியில் செயலி முறிந்தால் அவை போய்விடும். வட்டில் எழுதினால் தப்பும், ஆனால் தொடக்கம் மீண்டும் மெதுவாகும். ஆகவே பணப் பரிவர்த்தனை தொடர்பான நிகழ்வுகளை மட்டும் வட்டில் எழுதுகிறோம்.