நாட்காட்டியா, கேஜ் முள்ளா: ஏஹெச்யூ ஃபில்டரை எதைப் பார்த்து மாற்றுவது?

பழைய மகாபலிபுரம் சாலையில் நான் பராமரிப்பைக் கவனிக்கும் ஏழு மாடி அலுவலகக் கட்டடத்தில், இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு வரை நாட்காட்டி பார்த்தே ஏஹெச்யூ (காற்றை வடிகட்டிக் குளிர்வித்து அறைகளுக்கு அனுப்பும் ஏசி அலகு) ஃபில்டர் வேலை நடந்தது. முன்வரிசை ப்ரீ-ஃபில்டரை மாதம் இருமுறை கழுவ வேண்டும், பின்வரிசையிலுள்ள, நுண்தூசியைப் பிடிக்கும் மெர்வ் 13 தர ஃபைன் ஃபில்டரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இருந்தது. இப்போது இரு வரிசைகளுக்கும் தனித்தனியே மேக்னஹெலிக் கேஜ் பொருத்தி, ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைப் பார்த்து முடிவெடுக்கிறோம். நான் கேஜின் பக்கம் சாய்ந்துவிட்டவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாட்காட்டி முறைக்குக் கருவி வேண்டாம், ஆள் மாறினாலும் அட்டவணை மாறாது, ஆண்டுச் செலவை முன்கூட்டியே கணக்கிடலாம். ஆனால் தூசி தேதி பார்த்து வருவதில்லை. மெட்ரோ பணி நடக்கும் சாலைப் பக்கத்திலிருந்து வெளிக்காற்றை இழுக்கும் ஏஹெச்யூவில் ஃபைன் ஃபில்டர் மூன்றாம் மாதமே அடைத்துக்கொண்டது. அதே நாளில் பின்பக்க ஏஹெச்யூவில் மாட்டியதை ஆறாம் மாதம் கழற்றியபோது அதற்கு இன்னும் பாதி ஆயுள் மிச்சமிருந்தது. ஒன்றில் மின்சாரமும் மற்றொன்றில் ஃபில்டர் பணமும் வீணாயின. போகிப் புகை கிளம்பும் வாரத்தைச் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் மோசம்.

ஃபில்டர் அடைத்தால் மின்விசிறி எப்போதும் அதிக மின்சாரம் இழுக்கும் என்று பலர் நினைப்பது முழு உண்மையன்று. ஒரே வேகத்தில் சுழலும் விசிறியில் காற்றுதான் குறையும், மோட்டாரின் ஆம்பியர் சற்று இறங்கவும் கூடும். இழப்பு வேறு வழியாக வருகிறது, அறை குளிரவில்லை என்ற புகார் எழுந்து, தெர்மோஸ்டாட்டையும் பிறகு ஏசிக்கான நீரைக் குளிர்விக்கும் சில்லரின் நீர் வெப்பநிலையையும் இறக்கிவைக்கிறார்கள். விஎஃப்டி (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) உள்ள விசிறியோ காற்றளவைக் காப்பாற்ற வேகத்தைக் கூட்டி நேரடியாகவே மின்சாரத்தைத் தின்னும். விநாடிக்கு 5 கன மீட்டர் காற்று, 100 பாஸ்கல் கூடுதல் தடை, விசிறிக்கும் மோட்டாருக்கும் சேர்த்து 55 சதவீதத் திறன் என்று வைத்தால் கூடுதல் சுமை சுமார் 900 வாட். நாளுக்கு 12 மணி நேரம், 300 நாட்கள் அந்தத் தடை அப்படியே நின்றால் ஓர் ஏஹெச்யூவுக்கு மட்டும் ஏறத்தாழ 3,270 யூனிட்.

கேஜ் வாங்கி மாட்டியதும் வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். முள் காட்டும் எண்ணுக்குத் தனியாக அர்த்தமில்லை, அந்த நேரத்தில் விசிறி எத்தனை ஹெர்ட்ஸில் ஓடியது என்பதோடு சேர்த்தே அதைப் படிக்க வேண்டும் என்பது புரிய மூன்று மாதங்கள் ஆயின. எங்கள் டெக்னீஷியன் காலை ஏழு மணிக்கு, கட்டடம் காலியாக இருக்கும்போது அளவெடுத்தார். விஎஃப்டி 30 ஹெர்ட்ஸில் இருந்தது, பதிவேட்டில் தினமும் 95 பாஸ்கலை ஒட்டியே எழுதப்பட்டிருந்தது. ஒருநாள் நண்பகலில் தற்செயலாக நான் பார்த்தபோது அதே கேஜ் 48 ஹெர்ட்ஸில் 200-ஐத் தொட்டுக்கொண்டிருந்தது. காற்றின் வேகம் குறைந்தால் தடையும் குறையும் என்பது தெரிந்த விஷயம்தான், பதிவேட்டைப் புரட்டும்போது அது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. இப்போது வாரம் ஒருமுறை விஎஃப்டியை மேனுவலில் 45 ஹெர்ட்ஸில் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, பிறகே குறிக்கிறோம்; ஹெர்ட்ஸுக்கென்று தனிப் பத்தியும் சேர்த்தாயிற்று. புதிய ஃபைன் ஃபில்டர் இந்த வேகத்தில் 110 காட்டும், 250-ஐ எட்டும்போது மாற்றுகிறோம். காற்றளவை நேரடியாக அளக்கும் வசதி இருந்தால் ஹெர்ட்ஸைவிட அதுவே நல்ல அளவுகோல்.

கேஜும் ஏமாற்றும். புதிதாக இருந்தபோது 60 காட்டிய ப்ரீ-ஃபில்டர் கழுவி மாட்டியதும் 35 காட்டியது. ஆட்கள் மகிழ்ந்தார்கள், டார்ச் அடித்துப் பார்த்தால் பிரஷர் வாஷர் இழைகளைப் பிரித்து விரல் அகலத்துக்கு ஓட்டை போட்டிருந்தது. மின்னேற்றம் பெற்ற செயற்கை இழை ஃபில்டர்கள் அழுத்தம் ஏறாமலேயே நுண்தூசியைப் பிடிக்கும் திறனை இழக்கக்கூடும். வடகிழக்குப் பருவமழையில் நனைந்த ஃபில்டரின் பூஞ்சை வாடையை எந்த முள்ளும் காட்டாது. ஆகவே நாட்காட்டியை நான் முழுக்கத் தூக்கிப் போடவில்லை: எண் என்னவாக இருந்தாலும் ஃபைன் ஃபில்டருக்கு 12 மாதமே உச்ச வரம்பு, மழைக்காலம் முடிந்ததும் கண்ணால் ஒரு சோதனை. இந்த 12 மாதம் ஒரே கட்டடத்தின் இரண்டு ஆண்டு அனுபவத்தில் நாங்களாக வைத்துக்கொண்டது. மருத்துவமனைக்கோ மருந்துத் தொழிற்சாலைக்கோ இதை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம்.

விஎஃப்டி இல்லாத இரண்டு மூன்று சிறு ஏஹெச்யூக்களும், வாரம் ஒருமுறை அளவெடுக்க ஆளில்லாத நிலையும் என்றால் நாட்காட்டியே போதும், ஆனால் சாலைப் பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வெவ்வேறு தேதி போடுங்கள். கேஜுக்கு மாறுவதானால் முதலில் ஏஎம்சி ஒப்பந்தத்தைத் திருத்த வேண்டும். எங்கள் பழைய ஒப்பந்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கூலி இருந்ததால், இன்னும் மாற்ற வேண்டாம் என்று முள் சொன்ன வாரங்களில் அதை நம்ப ஒப்பந்ததாரருக்கு மனமே வரவில்லை.