ஒரே நாளில் 'ரெடி' கடல் தொட்டி: கிளவுன் மீன் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கடல் மீன் தொட்டி வாங்கிய எங்கள் பில்லில் இருந்தது ஐந்து வரி. 100 லிட்டர் தொட்டி ஒன்று. 'மரைன் சால்ட்' லூஸில் 4 கிலோ. பாக்டீரியா பாட்டில் (மீன் கழிவை முறிக்கும் பாக்டீரியா என்று விற்கும் திரவம்) ஒன்று. 'டேங்க் பிரீட்' (கடலில் பிடிக்காமல் தொட்டியிலேயே குஞ்சு பொரித்து வளர்த்த) கிளவுன் ஜோடி ஒன்று. மஞ்சள் அனிமோன் (கிளவுன் மீன் அண்டி வாழும் கடல் உயிரி) ஒன்று. ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். புதன்கிழமை அனிமோன் கரைந்தது. வெள்ளி இரவு சின்ன மீனும் சனி காலை பெரிய மீனும் செத்தன. கேட்டதற்குக் கடையில் சொன்ன பதில்: "உங்க தண்ணி சரியில்ல சார். உயிர் உள்ளதுக்கு கேரண்டி கிடையாது."

கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இதே ஐந்து வரியைப் பல ஊர்களில் பல கடைகள் விற்கின்றன. அதனால் எந்த வரியில் என்ன ஏமாற்று, அதை வாங்கும் முன்பே எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் எழுதுகிறோம்.

தண்ணீர் சரியில்லை என்றது உண்மைதான். அந்தத் தண்ணீரைக் கெடுத்தது அவர்கள் கொடுத்த உப்பு. பாக்கெட்டில் நிறுவனத்தின் பெயர் இல்லை, கலவை விவரம் இல்லை. மீன்கள் செத்த பிறகு மிச்சமிருந்த உப்பில் 36 கிராம் எடுத்து ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கலக்கி, நன்னீர் மீன் வளர்ப்பவர்கள் பயன்படுத்தும் சாதாரண கே.எச். (தண்ணீரின் காரத்தன்மை) டெஸ்ட் கிட்டால் பார்த்தோம். முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. அதாவது காரத்தன்மை 1 டி.கே.எச்.கூட (அதன் அலகு) இல்லை. நல்ல மரைன் உப்பு என்றால் 8 முதல் 11 வரை காட்ட வேண்டும். இயற்கைக் கடல் நீரே 7-ஐ ஒட்டி இருக்கும்.

அது வெறும் கல்லுப்பு. கல்லுப்பு கடலிலிருந்துதானே வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு, கடைக்காரரும் அதைத்தான் சொல்வார். தூத்துக்குடி உப்பளத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். கடல் நீர் சுண்டச் சுண்ட, கால்சியம் முதலில் சுண்ணாம்பாகவும் ஜிப்சமாகவும் படிந்து பிரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகுதான் பாத்தியில் உப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு வெளியே போய்விடுகின்றன. நம் கைக்கு வருவது ஏறக்குறைய சோடியம் குளோரைடு மட்டுமே. அதைக் கரைத்தால் உப்பின் அளவு சரியாகக் காட்டும், ஆனால் அது கடல் நீர் ஆகாது. பி.எச்.-ஐ (தண்ணீரின் அமில, கார அளவை) நிலையாகப் பிடித்து வைக்கும் காரத்தன்மையும் மீனின் உடல் கேட்கும் மற்ற உப்புகளும் அதில் இல்லை. முத்திரை பிரிக்காத, நிறுவனப் பெயர் உள்ள பையையே வாங்குங்கள். லூஸில்தான் கிடைக்கும் என்றால் 50 கிராம் மட்டும் வாங்கி வந்து கே.எச். பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

அடுத்தது உப்பின் அளவு. பல மீன்கள் செத்துப்போவது இங்கேதான், யாரும் கவனிப்பதில்லை. கடல் நீரின் ஒப்படர்த்தி (நன்னீரைவிட எத்தனை மடங்கு அடர்த்தி என்ற கணக்கு) 1.025 முதல் 1.026 வரை. பல கடைகளில் மீன் தொட்டியை 1.018, 1.019-இல் ஓட்டுகிறார்கள். உப்புச் செலவு குறைகிறது, ஒட்டுண்ணிகளும் கொஞ்சம் அடங்கி இருக்கின்றன. அங்கே வாரக்கணக்கில் இருந்த மீனை 1.026 தண்ணீரில் ஒரே மணி நேரத்தில் விட்டால், செவுள் வழியாக உடலின் நீர் வெளியேறி மீன் உள்ளே காய்ந்துபோகிறது. உடனே சாகாது. இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் ஒரு மூலையில் நின்றுவிட்டுச் சாகும், அதனால் காரணம் இது என்று தோன்றாது. அளவு குறைவதை மீன் ஓரளவு தாங்கும், ஏறுவதைத் தாங்காது.

ஆகவே கடைக்குப் போகும்போது ரெஃப்ராக்டோமீட்டரை (ஒரு சொட்டுத் தண்ணீரில் உப்பின் அளவைக் காட்டும் கருவி) கையில் எடுத்துப் போங்கள். முள் ஆடும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டரை நம்பாதீர்கள். முள்ளில் ஒரு காற்றுக் குமிழ் ஒட்டினாலே கணக்கு தவறிவிடும். ரெஃப்ராக்டோமீட்டரையும் 35 பி.பி.டி. (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவம் வைத்துச் சரிபார்த்திருக்க வேண்டும். மீன் இருக்கும் தொட்டியில் ஒரு சொட்டு கேளுங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்க மாட்டார். வந்த அளவைக் குறித்துக்கொண்டு, வீட்டில் மீன் முதலில் இறங்கப்போகும் தொட்டியை அதே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு நாளுக்கு 0.001, மிஞ்சிப் போனால் 0.002 என்று ஏற்றுங்கள். 1.018-இலிருந்து 1.025-க்கு வர ஒரு வாரம் ஆகட்டும், அவசரமில்லை.

இப்படி அளவைப் பொருத்திவிட்டால், மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுப் பழக்கும் வேலையே தேவையில்லை. வெளியூரிலிருந்து பத்துப் பதினைந்து மணி நேரம் பையில் வந்த மீனுக்கு அது ஆபத்தும்கூட. பைக்குள் மீன் விட்ட கரியமில வாயுவால் பி.எச். இறங்கி இருக்கும். அந்த நிலையில் சேர்ந்திருக்கும் அம்மோனியா பெரும்பாலும் நச்சில்லாத வடிவில் கிடக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். ஏறுகிறது, அம்மோனியாவும் நச்சாக மாறுகிறது. அந்தத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் மீனை வைத்துச் சொட்டு விடுவது செவுளைப் பொசுக்குவதற்குச் சமம். பையைத் திறக்காமல் 15 முதல் 20 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்யுங்கள். திறந்ததும் ஒரு சிறு பாத்திரத்தால் மீனை எடுத்து உடனே தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போகக் கூடாது.

பாக்டீரியா பாட்டில் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊற்றிய அன்றே மீன் விடலாம் என்று சொல்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். தொட்டி தயாரா என்பதைப் பாட்டிலைக் கேட்கக் கூடாது, அம்மோனியா டெஸ்ட் கிட்டைக் கேட்க வேண்டும். மீன் இல்லாத தொட்டியில் அம்மோனியம் குளோரைடு சேர்த்து அம்மோனியாவை 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) ஆக்குங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும், அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டினால் தயார். சாதாரணமாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். "கிளவுன் தாங்குற மீன், அதை வெச்சே சைக்கிள் பண்ணிடலாம்" (மீனின் கழிவை வைத்தே தொட்டியைத் தயார் செய்யலாம்) என்பது அந்த மீனுக்குச் செய்யும் கொடுமை.

இனி மீனைப் பற்றி. அந்த இரண்டையும் கடைசியில் கொன்றது புரூக்கிளினெல்லா. கிளவுன் மீன்களை இது அவ்வளவு அடிக்கடி தாக்குவதால் 'கிளவுன் நோய்' என்றே பெயர் வாங்கிய ஒட்டுண்ணி. உடலின் வழவழப்புப் படலம் சாம்பல் கலந்த வெள்ளையாகத் தடித்து, தோல் உரிவதுபோலத் திட்டுத் திட்டாகத் தொங்கும். மூச்சு வேகமாகும், சாப்பாட்டைத் தொடாது. தெரிந்த ஒன்றிரண்டு நாளில் உயிர் போய்விடும். உப்புத் துகள்போல எண்ணக்கூடிய வெள்ளைப் புள்ளிகள் என்றால் அது 'இக்' என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். பொடி தூவினாற்போல மிக நுண்ணிய படலம் என்றால் 'வெல்வெட்' என்ற இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே நீல மருந்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இக்குக்கும் வெல்வெட்டுக்கும் கேட்கும் தாமிர மருந்து புரூக்கிளினெல்லாவுக்குக் கேட்காது.

அதற்கு உதவுவது பார்மலின் குளியல். 37 சதவீத பார்மலின், 10 லிட்டர் கடல் நீருக்கு 1.5 மி.லி., 45 நிமிடம். ஏர் மோட்டார் முழு வேகத்தில் ஓட வேண்டும், ஏனென்றால் பார்மலின் தண்ணீரின் ஆக்ஸிஜனைக் குறைக்கும். மீன் சாய்ந்தால் உடனே வெளியே எடுங்கள். குளியல் முடிந்ததும் பழைய தொட்டிக்குத் திரும்பக் கூடாது, சுத்தமான வேறு தொட்டிக்குப் போக வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள், மூன்று முறை. பாட்டிலின் அடியில் வெள்ளைப் படிவு இருந்தால் அந்த மருந்து மீனைக் கொல்லும், கொட்டிவிடுங்கள். பார்மலின் மனிதருக்கும் நஞ்சு, புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. கையுறை, திறந்த ஜன்னல், குழந்தைகள் எட்டாத இடம் மூன்றும் கட்டாயம்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க முடியும். மீனைப் பார்த்தவுடன் பணத்தை நீட்டாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். பக்கத்துத் தொட்டிகளையும் பாருங்கள். பெரும்பாலும் எல்லாத் தொட்டிக்கும் அடியில் ஒரே தண்ணீர்தான் சுற்றுகிறது, ஒன்றில் செத்த மீன் கிடந்தால் மற்றதிலும் நோய் இருக்கலாம். உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். டேங்க் பிரீட் கிளவுன் குச்சித் தீனிக்கே பாய்ந்து வரும். "இப்பதான் சாப்பிட்டுச்சு" என்றால் நாளை வருகிறேன் என்று சொல்லி வந்துவிடுங்கள்.

டேங்க் பிரீட் என்ற சொல்லுக்கு ஆதாரம் கேளுங்கள். கிளவுன் குஞ்சு பொரிப்பது இன்று அரிய வித்தை அல்ல. மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்திலேயே அந்த நுட்பம் இருக்கிறது. எந்த ஹாட்சரி (குஞ்சு பொரிப்பகம்), எந்த மாதம் வந்த குஞ்சு என்று கேட்டால் உண்மையானவர் சொல்லிவிடுவார். ஒரே அளவில், இரண்டு மூன்று செ.மீ. குஞ்சுகள் கூட்டமாக இருப்பது நல்ல அறிகுறி. தொட்டியில் ஒன்றிரண்டு பெரிய மீன்கள் மட்டும், வெட்டுப்பட்ட துடுப்போடு மிரண்டு நின்றால் அவை கடலில் பிடித்தவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

'ஜோடி' என்று கூடுதல் விலை கொடுக்கவே வேண்டாம். கிளவுன் குஞ்சுகள் எதுவும் பெண்ணாகப் பிறப்பதில்லை. கூட்டத்தில் பெரியது பெண்ணாகும், அடுத்தது ஆணாகும். அளவில் வித்தியாசமுள்ள இரண்டு குஞ்சுகளைச் சேர்த்து விட்டால் தாமாகவே ஜோடி ஆகிவிடும். சின்னது பெரியதன் முன் உடலை வெடவெடவென்று நடுக்கினால் பணிந்துவிட்டது என்று பொருள், அது நோய் அல்ல. ஒரே அளவுள்ள இரண்டு பெரிய மீன்களை வாங்கினால் இரண்டுமே பெண்ணாக இருந்து ஒன்றையொன்று கொன்றுவிடலாம்.

பளீர் மஞ்சள், ரோஸ் நிற அனிமோன்கள் பெரும்பாலும் சாயம் ஏற்றியவை. சாயத்துக்கு அடியில் அது வெளுத்து, பட்டினியில் இருக்கும். புதுத் தொட்டியில் அது செத்து அழுகினால் தண்ணீர் முழுவதும் நஞ்சு. புதன்கிழமை நடந்தது அதுதான். அன்றிரவு அம்மோனியா 1 பி.பி.எம். கிளவுன் வாழ அனிமோன் தேவையில்லை. ஆறு மாதமாவது ஓடிய, நல்ல வெளிச்சமுள்ள தொட்டிக்குத்தான் அதைப் பற்றி யோசிக்க வேண்டும். கூடவே 'மன்னார் வளைகுடா லைவ் ராக்' என்று, கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லை நீட்டினால் தொடாதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு, செத்த பவளத்துக்கும் உண்டு. செராமிக் கல் போதும்.

மீன் வந்த பிறகு முதல் நாலு வாரம் 40 லிட்டர் தனித் தொட்டியில் வையுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஸ்பான்ஜ் ஃபில்டர், மீன் ஒளிந்துகொள்ள இரண்டு பி.வி.சி. எல்போ குழாய், மூடி, அவ்வளவுதான். மண்ணும் கல்லும் வேண்டாம், மருந்தைக் குடித்துவிடும். முதல் நாள் விளக்கு போடாதீர்கள், தீனியும் வேண்டாம். மறுநாள் உறைந்த மைசிஸ் என்ற குட்டி இறாலை உருகவைத்து, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு கொடுங்கள், மிச்சத்தை எடுத்துவிடுங்கள். வெப்பம் 25 முதல் 27 டிகிரி. சென்னை மே மாதத்தில் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாதவர்கள் நீர்ப்பரப்பின் மேல் சின்ன ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் ஆவியாவது நன்னீர் மட்டும். ஈடு கட்டுவதும் உப்பில்லாத ஆர்.ஓ. தண்ணீராகத்தான் இருக்க வேண்டும்.

மேல்மூலையில் ஒதுங்கி நிற்பது, இரவில் சாய்ந்து தூங்குவது, முதல் இரண்டு நாள் சாப்பிடாதது இவையெல்லாம் சகஜம். வாயைத் திறந்தபடி எண்ண முடியாத வேகத்தில் செவுள் அடிப்பதும், தோலில் வெள்ளைத் திட்டும் சகஜமல்ல. அப்போது காத்திருக்காதீர்கள், அன்றிரவே அம்மோனியா பாருங்கள், பார்மலினைத் தயார் செய்யுங்கள்.

பில்லில் 'டேங்க் பிரீட்' என்ற சொல்லையும், உப்பின் நிறுவனப் பெயரையும் எழுதி வாங்குங்கள். பையைத் திறக்கும் முன் மீனை வீடியோ எடுத்து வையுங்கள். எழுதித் தந்தது ஒன்று, கொடுத்தது வேறொன்று என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதியலாம். எங்கள் பில்லில் உப்புக்கு வெறும் 'மரைன் சால்ட்' என்றுதான் எழுதியிருந்தது.