கீழடி அருங்காட்சியகம்: சின்ன வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எப்படி?

மதுரைப் பக்கத்துத் தொடக்கப் பள்ளிகளில் சுற்றுலா என்றதும் இப்போது முதலில் அடிபடும் பெயர் கீழடி. அங்கே அகழாய்வில் கிடைத்த பழம்பொருட்களை வைத்து 2023 மார்ச் 5-ல் திறந்த அருங்காட்சியகம். மதுரையிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் போல இருக்கும். பஸ்ஸில் பாட்டுப் பாடி அலுக்கும் முன்னே இடம் வந்துவிடும். மூணாம் வகுப்பிலிருந்து அஞ்சாம் வகுப்பு வரை ஒரு நாள் சுற்றுலாவுக்கு இதைவிடத் தோதான இடம் பக்கத்தில் இல்லை. ஆனால் மொத்தமாக உள்ளே ஓட்டிவிட்டால், அறுபது பிள்ளைகளும் அரை மணி நேரத்தில் மறுபக்கம் வந்து நின்று "சார், சாப்பாடு எப்ப?" என்பார்கள். அது இடத்தின் குறையல்ல.

கட்டடமே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். செட்டிநாட்டு வீட்டுப் பாணியில் தூணும் முற்றமுமாக, தனித்தனிக் கூடங்களாகக் கட்டியிருக்கிறார்கள். மதுரையும் கீழடியும், வேளாண்மையும் நீர் மேலாண்மையும், பானை வனைதல், நெசவும் அணிகலனும், கடல் வணிகம், வாழ்வியல் என்று ஆறு பொருளில் பிரித்து வைத்திருப்பது ஆசிரியருக்கு வசதி. ஒரு கூடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் என்றாலும் எழுபது நிமிடத்தைத் தாண்டுகிறது. எட்டு வயதுப் பிள்ளை கண்ணாடிப் பெட்டி முன்னால் ஊன்றி நிற்பது ஐம்பது நிமிடம், அதற்கு மேல் இல்லை. அதனால் நாலு கூடத்தை மட்டும் நன்றாகக் காட்டி, மற்ற இரண்டை நடந்தபடியே பார்த்து வரலாம்.

அறுபது பேரை இருபது இருபதாக மூன்று அணியாகப் பிரியுங்கள். அணிக்கு இரண்டு பெரியவர்கள்: ஒருவர் முன்னால் நின்று சொல்ல, ஒருவர் பின்னால் நின்று எண்ண. மூன்று அணியும் ஒரே கூடத்தில் தொடங்கக்கூடாது. எதிரொலியில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. பின்வரிசைப் பிள்ளைக்கு முன்னால் நிற்பவன் முதுகுதான் கீழடி. விளக்கப் பலகைகள் பெரியவர்கள் படிப்பதற்கானவை. அதைப் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லும் வழக்கம் சில பள்ளிகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். குனிந்து எழுதிக்கொண்டே போகிற பிள்ளை ஒரு பானையைக்கூட நிமிர்ந்து பார்ப்பதில்லை.

எதைக் காட்டுவது? முதலில் வட்டச் சில்லு. உடைந்த பானை ஓடுகளை வட்டமாகத் தேய்த்து எடுத்த சின்னத் துண்டுகள், நூற்றுக்கணக்கில் கிடைத்தவை. நம் பிள்ளைகள் பாண்டி விளையாடத் தெருவில் ஓட்டாஞ்சில்லைத் தேய்ப்பார்களே, அதே வேலைதான். விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள்: கத்தியால் அறுத்ததுபோல் இருக்காது, கல்லில் உரசிய மழுங்கல் தெரியும். இதை ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டால், பக்கத்தில் இருக்கும் பகடையையும் ஆட்டக்காய்களையும் யாரும் சொல்லாமலே தேடிப் போகும்.

அடுத்தது எழுத்துப் பொறித்த ஓடுகள். 'ஆதன்', 'குவிரன் ஆதன்' என்று தமிழி எழுத்தில், அதாவது தமிழின் பழைய எழுத்து வடிவத்தில், ஆள் பெயர்கள். தன் டிபன் பாக்ஸில் பெயர் வெட்டி வைத்திருக்கும் பிள்ளைக்கு இது ஏன் என்று விளக்கவே வேண்டாம். கோடுகள் மெலிதாகக் கீறியவை. கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் நேரே பார்க்கையில் தெரியாது, சற்றுப் பக்கவாட்டில் நின்றால் தெரியும். தமிழியில் தங்கள் பெயரின் முதல் எழுத்தை வகுப்பிலேயே ஒருநாள் முன்னதாக எழுதிப் பழகிவிட்டு வந்தால், பிள்ளைகள் அந்த எழுத்தைத்தான் முதலில் தேடுவார்கள். இந்த ஒரு முன்வேலைக்கு ஒரு பீரியட் போதும், பலன் நாள் முழுக்க.

மூன்றாவது சூதுபவளம். சிவப்பு மணி அழகாக இருக்கிறது என்பதோடு விடாதீர்கள். அந்தக் கல் இந்தப் பக்கத்தில் கிடைப்பதில்லை. வடக்கே குஜராத் பகுதிக் கல். "அப்படியென்றால் இங்கே எப்படி வந்தது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றால், கடல் வணிகக் கூடத்துக்குப் போகிற வழியைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

காலத்தைச் சொல்வதுதான் கஷ்டம். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த கரித்துண்டு கி.மு. 580-ஐச் சேர்ந்தது என்பது பிள்ளைகளுக்கு வெறும் எண். பள்ளிச் சுவரில் மூன்றரை மீட்டர் உயரத்துக்குச் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு கோடு போட்டுவிட்டு வாருங்கள். ரெண்டு ஆள் உயரம். அவ்வளவு மண் ஏறிக் கிடந்தது என்றால் மூணாம் வகுப்புக்கும் புரியும்.

அகழாய்வு நடந்த பள்ளிச்சந்தைத் திடல் அருங்காட்சியக வளாகத்துக்குள் இல்லை. தனியாகப் போக வேண்டும். அங்கே திறந்தவெளி அருங்காட்சியகத்துக்கான பணி தொடங்கியிருப்பதால், குழிகளைப் பார்க்க விடுவார்களா என்று இரண்டு நாள் முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். விட்டால் அதைத்தான் காலையில் முதலில் வைக்க வேண்டும். பதினொரு மணிக்கு மேல் அந்த வெயிலில் சுடுமண் வளையம் அடுக்கிய உறைகிணறும் ஒன்றுதான், வெறுங்கிணறும் ஒன்றுதான்.

அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய் விடுமுறை. இதை மறந்துவிட்டுப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் பஸ்கள் உண்டு. தைப்பூசத்தன்று தெப்பத் திருவிழா. காமராஜர் சாலை வழியாக வருவதாக இருந்தால் தெப்பக்குளத்தைத் தாண்டி விரகனூர் பக்கம் போவதற்குள் பாதி காலை போய்விடும். சித்திரையில் வெயிலும் திருவிழாவும் சேர்ந்துகொள்ளும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரைதான் நல்ல காலம்.

பஸ் பேசும்போது டிரைவர் பேட்டா, பார்க்கிங், டோல் எல்லாம் வாடகைக்குள்ளா வெளியேவா என்று எழுதி வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள்தானே என்று ரெண்டு சீட்டில் மூன்று பேரை உட்கார வைக்கச் சொன்னால் அந்த பஸ் வேண்டாம். வாந்தி எடுக்கும் பிள்ளைகள் யாரென்று அம்மாக்களிடம் முதல் நாளே கேட்டு, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் ஜன்னலோரம் கொடுங்கள். குலுக்கல் அங்கேதான் குறைவு. காலையில் பூரி கிழங்கு வேண்டாம், ரெண்டு இட்லி போதும். வெறும் வயிறும் பிரட்டும்.

மதியத்துக்கு எலுமிச்சை சாதம் அல்லது புளிசாதம். தயிர்சாதம் மூடிய பஸ்ஸில் நாலு மணி நேரத்தில் புளித்துவிடும். தக்காளி சாதமும் தண்ணீர் விட்டுக்கொள்ளும். அறுபது பிள்ளைகள் குடிக்க இருபது லிட்டர் தண்ணீர் கேன் குறைந்தது மூன்று வேண்டும். கை கழுவத் தனியாக ஒன்று. தலை எண்ணுவதைப் பள்ளி வாசல், கூடத்துக்குள் போகும் முன், கழிப்பறைக்குப் பின், பஸ் கிளம்பும் முன் என்று நாலு இடத்தில் செய்யுங்கள். பிள்ளை தவறுவது பெரும்பாலும் மூன்றாவது இடத்தில்தான்.

மதியத்துக்கு மேல் ஓரிடம் போதும். கீழடி, திருமலை நாயக்கர் மகால், காந்தி மியூசியம், ராஜாஜி பூங்கா என்று நாலையும் திணிக்கும் திட்டத்தில் கடைசியில் பிள்ளைகள் மனதில் தங்குவது ஊஞ்சல் மட்டும். மகால் என்றால் அந்தத் தூண்களைக் கட்டிப்பிடித்துப் பார்க்கவே பிள்ளைகளுக்கு நேரம் சரியாக இருக்கும். காந்தி மியூசியத்தைச் சேர்ப்பதாக இருந்தால் வெள்ளிக்கிழமையும் கழித்துவிடுங்கள், அன்று அதற்கு விடுமுறை.

இன்னொன்று. கீழடித் தோப்புகளில் மண்ணைக் கிளறினால் ஓட்டுத் துண்டு கிடைக்கும். உள்ளே பார்த்த சூட்டோடு வெளியே வரும் பிள்ளைகள் பொறுக்கத்தான் செய்வார்கள். பஸ் ஏறும் முன் டவுசர் பாக்கெட்டைத் தட்டிப் பாருங்கள்; கிடைத்ததை எடுத்த இடத்திலேயே அவர்கள் கையாலேயே போடச் சொல்லுங்கள்.