ஆக்ஸில் பூட் கிழிந்தால்: ரப்பரை மட்டும் மாற்றுவதா, ஷாஃப்டையே மாற்றுவதா?

ஏற்காட்டிலிருந்து காப்பியும் மிளகும் ஏற்றி இறங்கும் பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பின்சக்கர இழுவையில் ஓடுபவை. அவற்றின் முன்சக்கரங்களுக்கு, எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டு செல்லும் டிரைவ் ஷாஃப்டே கிடையாது என்பதால், அந்த ஷாஃப்டின் ஜாயின்டை மூடும் ரப்பர் உறையான ஆக்ஸில் பூட் கிழியும் சிக்கலும் அவற்றை ஓட்டுபவர்களுக்குக் கிடையாது. இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் போன்ற நான்குசக்கர இழுவை வண்டிகளை எஸ்டேட் வேலைக்கு வைத்திருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

என்னுடையது வி-கிராஸ். கடந்த ஏப்ரலில் கோடை மழைக்குப் பிறகு தோட்டத்துத் தடத்திலிருந்து சேலத்துக்கு இறங்கியபோது, அடிவாரத்தில் இடது முன்சக்கரத்தின் உட்புற ரிம்மில் கரிய கிரீஸ் வளையமாகத் தெறித்திருப்பதைக் கண்டேன். கவாத்து செய்து வழியில் போட்டிருந்த காப்பிக் கிளையின் முனை குத்தி, ஷாஃப்டு சக்கரத்தோடு சேரும் இடத்திலுள்ள வெளி ஜாயின்டை மூடியிருக்கும் பூட் ரப்பரின் மடிப்பு இரண்டு விரல் அகலத்துக்குக் கிழிந்திருந்தது. அதன் பிறகு நான் விசாரித்த இடங்களில் எல்லாம் வெவ்வேறு பதில்கள் கிடைத்தன. ஒருவர் ஒட்டு பூட் போதும் என்றார். ஒருவர் ரப்பரை மாற்றச் சொன்னார். இன்னொருவர் வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பாராமல் ஷாஃப்டையே மாற்ற வேண்டும் என்றார்.

இவற்றை ஒப்பிடும் முன், அந்த ரப்பர் எதைக் காக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். வெளி ஜாயின்டுக்குள் பொதுவாக ஆறு எஃகுக் குண்டுகள், மிகத் துல்லியமாகக் கடையப்பட்ட பள்ளங்களில் உருண்டபடி, சக்கரம் எவ்வளவு திரும்பியிருந்தாலும் சுழற்சியைச் சீராகக் கடத்துகின்றன. மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கிரீஸ்தான் அவற்றுக்கு உயிர். ரப்பர் கிழிந்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே வீசப்படுகிறது. அந்த இடத்தில் செம்மண்ணும் மணலும் தண்ணீரும் புகுந்து, குண்டுகளையும் பள்ளங்களையும் அரம் போலத் தேய்க்கின்றன. டூவீல் டிரைவில்தான் ஓட்டுகிறேன் என்று ஆறுதல் கொள்வதற்கும் இடமில்லை. சக்கரத்தை ஷாஃப்டிலிருந்து விடுவிக்கும் ஃப்ரீவீல் ஹப் இல்லாத வண்டிகளில் முன் ஷாஃப்டுகள் சக்கரத்தோடு எப்போதும் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

முதலில் ஒட்டு பூட். பக்கவாட்டில் பிளந்திருக்கும் ரப்பரை ஷாஃப்டின் மேல் சுற்றி, விளிம்புகளைப் பசையாலோ திருகுகளாலோ இணைத்துவிடுவார்கள். சக்கரத்தைக் கழற்றினால் போதும், ஷாஃப்டைச் சக்கர மையத்தோடு இறுக்கும் ஹப் நட்டைத் தொட வேண்டியதில்லை, ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும் என்பது அதன் பெரிய கவர்ச்சி. ஆனால் இணைப்பு விளிம்பில் துளி கிரீஸ் பட்டாலும் பசை பிடிக்காது. கிரீஸ் வழியும் ஜாயின்டுக்கு அடியில் படுத்துக்கொண்டு அந்த விளிம்பைச் சுத்தமாக வைத்திருப்பது எளிதன்று. சமவெளிச் சாலையில் அந்த ஒட்டு சில காலம் தாங்கக்கூடும். நம் சாலையின் கணக்கு வேறு. முன்சக்கரம் கிலோமீட்டருக்கு 400 தடவைக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ரப்பர் ஒருமுறை மடங்கி விரிகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் அது 12,000 தடவையைத் தாண்டிவிடும், அதிலும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் அந்த மடிப்பு மிகக் கூர்மையாக விழுகிறது. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஜாயின்டைப் பிரித்துக் கழுவாமல் மூடுவதால், உள்ளே போன மண் உள்ளேயே சிறைப்படுகிறது. அறுவடைக் காலத்தில், கிழிந்ததை அன்றே கண்டு, சில வாரம் வண்டியை ஓட்டியே தீர வேண்டிய நிலையில் மட்டும் ஒட்டு பூட்டை நான் ஏற்பேன்.

எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று விற்கப்படும் நீட்சி ரப்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூம்பு ஒன்றின் மேல் இழுத்து விரித்து ஜாயின்டின் மேலாகவே அதை மாட்டலாம். ஆனாலும் ஷாஃப்டின் முனையை ஹப்பிலிருந்து விடுவித்தே ஆக வேண்டும். கூலி ஏறத்தாழ முழு வேலைக்கு ஆகும் அளவே ஆகும்போது, அளவு சரியாகப் பொருந்தாத ரப்பரில் மிச்சம் பிடிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

உண்மையான போட்டி, ரப்பர், கிரீஸ், ரப்பரை இறுக்கும் கிளாம்ப் எல்லாம் சேர்ந்து வரும், வண்டிக்கென்றே செய்த பூட் கிட்டுக்கும் முழு ஷாஃப்டுக்கும் இடையில்தான். கிட்டின் விலை ஷாஃப்டின் விலையில் சிறு பங்குதான் என்றாலும், கூலியில் நிலைமை தலைகீழ். இரண்டுக்கும் ஹப் நட்டைத் தளர்த்தி, சஸ்பென்ஷனின் பால் ஜாயின்டைப் பிரித்து, ஷாஃப்டை வெளியே எடுக்க வேண்டும். புது ஷாஃப்டை அப்படியே செருகிவிடலாம். கிட் என்றால் அதற்கு மேல் ஜாயின்டைப் பிரித்து, பழைய கிரீஸை முழுக்க வழித்து, கழுவி, காயவைத்து, குண்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, மீண்டும் கோர்க்க வேண்டும். சில ஷாஃப்டுகளில் வெளி ஜாயின்டு கழன்று வராது. அப்போது ஷாஃப்டின் மறுமுனையிலுள்ள உள் ஜாயின்டைப் பிரித்து அந்தப் பக்கமாகத்தான் வெளி ரப்பரையும் ஏற்ற வேண்டும். பல மெக்கானிக்குகள் ஷாஃப்டையே மாற்றச் சொல்வதற்கு இந்த உழைப்பும் ஒரு காரணம் என்று கருதுகிறேன். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் புது ஷாஃப்டு என்ற சொல்லுக்குள் மூன்று வேறு பொருள்கள் இருக்கின்றன. கம்பெனி ஷாஃப்டு சிறந்தது. விலையும் அதற்கேற்பக் கடுமையானது. ரீகண்டிஷன் ஷாஃப்டில் தேய்ந்த பள்ளங்களைக் கடைந்து, சற்றே பெரிய குண்டுகளைப் போட்டிருப்பார்கள். அந்த வேலை எவ்வளவு துல்லியமானது என்பதை வாங்குபவர் கண்ணால் அறிய வழியே இல்லை. பெயர் தெரியாத மலிவு ஷாஃப்டில் எஃகின் பதமும் ரப்பரின் தரமும் ஊகம்தான். சேறு நிறைந்த ஏற்றத்தில் ஃபோர் லோவில் (நான்கு சக்கரமும் குறைந்த கியர் விகிதத்தில் இழுக்கும் நிலையில்) முழுச் சுமையும் ஏறும் பாகத்துக்கு, சேதமடையாத பழைய கம்பெனி ஜாயின்டைத் தூக்கியெறிந்துவிட்டு இவ்விரண்டில் ஒன்றை மாட்டுவது பின்னடைவே என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே தேர்வை விலைப்பட்டியலிடம் விட்டுவிடாமல், ஜாயின்டின் உட்புறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். வழிந்த கிரீஸை விரல்களுக்கிடையில் தேய்த்தால் மண் நறநறக்கிறதா என்பது முதல் சோதனை. திருப்பங்களில் டக்டக் என்ற ஒலி வருகிறதா என்பது அடுத்தது. இதில் பலர் ஏமாறுகிறார்கள். டூவீல் டிரைவில் முன் ஷாஃப்டு சுமையின்றிச் சுற்றுவதால், தேய்ந்த ஜாயின்டும் வாய் திறவாமல் இருக்கலாம். தளர்ந்த மண் தரையில் ஃபோர்வீலைப் போட்டு, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து மெதுவாக நகர்த்தினால்தான் உண்மை தெரியும். தார்ச்சாலையில் இதைச் செய்யக் கூடாது. அங்கே சக்கரங்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்வதால் எழும் ஒலி தவறான முடிவுக்கே இட்டுச் செல்லும். ஒலி வந்தாலோ, பிரித்துப் பார்க்கையில் பள்ளங்களில் குழியோ உரிந்த தடமோ இருந்தாலோ, புதுக் கிரீஸ் எதையும் மீட்டுத் தராது. கம்பெனி ஷாஃப்டுக்குப் பணம் சேர்ப்பதே வழி.

என் வண்டியில் ஒலி இல்லை, நறநறப்பும் இல்லை. கிட்டையே தேர்ந்தேன். சேலத்தில் லாரி வேலைக்குப் பேர்போன பட்டறைகள் நிறைய உண்டு. ஆனால் பூட் கிளாம்பை நெரிக்கும் தனிக் குறடு எல்லா இடத்திலும் இருப்பதில்லை. முதலில் போன பட்டறையில் கேபிள் டை போட்டுத் தருகிறோம் என்றதும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன், ஏனென்றால் கிளாம்ப் தளர்ந்தால் புது ரப்பரும் கிரீஸைக் கக்கிவிடும். கொண்டு சென்ற கிட்டில் இருந்த கிரீஸ் பொட்டலம் முழுவதையும் ஜாயின்டுக்குள்ளும் ரப்பருக்குள்ளும் வைக்கச் சொன்னேன். வீல் பேரிங் கிரீஸ் சேர்க்க விடவில்லை. ஷாஃப்டு எப்படியும் வெளியே வந்துவிட்டதால், கிழியாத உள் ரப்பரையும் அதே கூலியோடு மாற்றிக்கொண்டேன். வலது பக்க ரப்பரின் மடிப்புகளை விரித்துப் பார்த்ததில் மெல்லிய வெடிப்புகள் தெரிந்தன. அதற்கான கிட்டை இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அதையும் மாற்றிவிட வேண்டும்.